மருத்துவரைக் கேளுங்கள்: முற்றிய புற்றுநோயில் உடல் தொல்லைகளைக் கேட்டறிவது எப்படி?

இம்மாதம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறு, முற்றிய புற்றுநோயோடு வீட்டில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் எழுதியவை. நோயாளியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற ஒரே கவலைதான் ஆறிலும் இருக்கிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. நுரையீரலில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது என்று சொல்லி, பெங்களூரில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து அனுப்பிவிட்டார்கள். இரவு முழுவதும் புரண்டு படுக்கிறார், முனகுகிறார். ஆனால் மருத்துவமனையில் டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதும் “பரவாயில்லைங்க சார்” என்று சொல்லிவிடுகிறார். டாக்டரும் பழைய மருந்தையே எழுதிக் கொடுத்துவிடுகிறார். நான் குறுக்கே பேசினால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்வது? (வாசகி, பாலக்கோடு)

அம்மா, உங்கள் அப்பா டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. “எப்படி இருக்கீங்க?” என்பது நம் பக்கத்தில் நலம் விசாரிக்கும் சொல். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த ஒரு பெரியவர் அதற்குப் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் சொல்வார். அந்தச் சொல்லுக்குள் சில பயங்களும் இருக்கக்கூடும். வலி கூடியிருக்கிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று ஆகிவிடுமோ, மறுபடியும் வார்டில் சேர்த்துவிடுவார்களோ, மகளுக்கு இன்னும் செலவு வைத்துவிடுவோமோ என்றெல்லாம் நினைத்து வாயை மூடிக்கொண்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். எனவே அவரிடம் கேட்கும் கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய புற்றுநோயுள்ள 200 பேரிடம் முதலில் பொதுவாகவும், பிறகு ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகவும் கேட்டார்கள். பொதுவாகக் கேட்டபோது அவர்கள் தாமாகச் சொன்ன தொல்லைகளின் இடைநிலை எண்ணிக்கை (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 1. ஒவ்வொன்றாகக் கேட்டபோது அது 10. கேட்காததால் வெளிவராமல் கிடந்த அந்த மற்றத் தொல்லைகளையும் நோயாளிதான் சுமந்துகொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாகக் கேட்பதற்கென்றே கனடாவின் எட்மன்டன் நகரில் எடுவார்டோ புருவேராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். நோயாளியின் தொல்லைகளைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சையில் உலகம் முழுவதும் இன்றும் அது புழங்குகிறது. வலி, சோர்வு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்ற ஒன்பதையும் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை நோயாளியையே ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். அதோடு மலச்சிக்கல், இரவுத் தூக்கம், வாய்ப்புண் ஆகிய மூன்றையும் நான் எப்போதும் சேர்த்துக் கேட்பேன். இதற்கு அச்சடித்த தாள் வேண்டியதில்லை. பேரப்பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

எண் சொல்வது நம் பெரியவர்களுக்குச் சற்று அந்நியமாக இருக்கும். ‘பத்துக்கு எவ்வளவு’ என்றால் விழிப்பவர்கள், “நேத்து இருந்த வலி முழு ரூபாய்னு வெச்சுக்கிட்டா இன்னைக்கு எத்தனை அணா?” என்று கேட்டால் யோசிக்காமல் ‘பன்னிரண்டு’ என்கிறார்கள். முழுசு, முக்கால்வாசி, அரைவாசி, கால்வாசி என்று கேட்டாலும் சரிதான். எந்த அளவுகோலைத் தொடங்கினீர்களோ அதையே ஒவ்வொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடிவதில்தான் அதன் பயன் இருக்கிறது. பத்து என்ற அளவில் 1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-உம் அதற்கு மேலும் கடுமையானது என்று மருத்துவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம்.

எண்ணைவிட முக்கியமானது வலியின் தன்மை, அதைச் சொல்வதற்கு நம் மொழியில் இருக்கும் வளம் மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ‘குடையுது’, ‘கடுக்குது’ என்பவருக்கு எலும்பு வலியாக இருக்கலாம். ‘எரியுது’, ‘சுள்ளுனு இழுக்குது’, ‘கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குது’, ‘மரத்துப் போச்சு, ஆனா வலிக்குது’ என்பவருக்கு நரம்பு அழுத்தப்பட்டிருக்கவோ சேதமடைந்திருக்கவோ கூடும். அதற்கு வழக்கமான வலி மாத்திரையோடு வேறு வகை மருந்தும் தேவைப்படும். ‘பிசையுது’, ‘முறுக்கிப் புடிக்குது’ என்று விட்டுவிட்டு வருவது குடலிலிருந்து வருவதாக இருக்கலாம். ஆகையால் அவர் சொன்ன சொல்லை ‘கடுமையான வலி’ என்று நாகரிகமாக மாற்றி எழுதாதீர்கள். அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள்.

பிறகு, எங்கே வலிக்கிறது என்று அவர் விரலாலேயே காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தனி வலி. ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு எழுதிவிடக் கூடாது. அசையாமல் படுத்திருக்கும்போது எவ்வளவு, எழுந்து கொல்லைக்குப் போகும்போது எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். எலும்புக்குப் பரவியவர்கள் பலரும் படுத்திருக்கும்போது 2 என்றும், எழும்போது 8 என்றும் சொல்வார்கள். மருத்துவமனையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் சொல்வது அந்த 2-ஐத்தான். மாத்திரை போட்ட எத்தனை நிமிடத்தில் குறைகிறது, எத்தனை மணி நேரத்தில் திரும்ப வருகிறது என்பதையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் வைத்த எலும்பில் முதல் சில நாட்கள் வலி கூடுவதும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆவதும் உண்டு.

அப்பா கோபப்படாமலிருக்க ஒரு வழி சொல்கிறேன். முதல் நாள் மாலையில், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் டாக்டரிடம் நோட்டை அவர் கையாலேயே கொடுக்கட்டும். அப்போது அது மகள் சொன்ன குறையாக இருக்காது, அவர் சொன்னதாகவே இருக்கும். இப்படி எழுதுவது மருத்துவருக்குச் சுமை என்று தயங்க வேண்டாம். கீமோ சிகிச்சையில் இருந்த, பரவிய புற்றுநோயுள்ள 766 பேரிடம் நியூயார்க்கில் நடந்த ஆய்வில், தம் தொல்லைகளைத் தொடர்ந்து பதிவுசெய்து செவிலியருக்குத் தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள், ஆய்வில் சேர்ந்ததிலிருந்து, 31.2 மாதங்களாகவும், வழக்கமான முறையில் மட்டும் பார்க்கப்பட்டவர்களுக்கு 26 மாதங்களாகவும் இருந்ததாக 2017-இல் வெளியிட்டார்கள்.

ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எலும்புக்குப் பரவிய ஒருவருக்கு முதுகில் புதிதாக வலி வந்து, அதோடு கால் தள்ளாடினாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள் கொண்டு அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கால் செயலிழந்த பிறகு போனால் நடை திரும்புவது அரிது.

கேள்வி: அம்மாவுக்கு வாயில் புற்றுநோய். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை, சைகையில்தான் எல்லாம். இந்த ஒரு வாரமாக அதுவும் குறைந்து, பெரும்பாலும் கண்ணை மூடியே இருக்கிறார். வலிக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் நாங்கள் கன்னடம் பேசுகிறவர்கள். (வாசகர், தேன்கனிக்கோட்டை)

முதலில், பேச முடியாமலிருப்பதையும் நினைவு மங்குவதையும் பிரித்துப் பாருங்கள். நினைவோடு இருக்கும் நேரத்தில் உங்கள் அம்மா தன் வலியைத் தானே சொல்ல முடியும். விரல்களை நீட்டிக் காட்டலாம், சிலேட்டில் கோடு போடலாம், கண்ணை ஒருமுறை மூடினால் ‘ஆமாம்’, இருமுறை மூடினால் ‘இல்லை’ என்று வைத்துக்கொள்ளலாம். கேள்வியை அவர் தாய்மொழியில் கேளுங்கள். ஆஸ்பத்திரித் தமிழில் ‘வலிக்குதா’ என்று கேட்பதைவிட, பிறந்ததிலிருந்து அவர் கேட்டு வளர்ந்த ‘நோவு’ என்ற சொல் சீக்கிரம் உள்ளே போகும். தருமபுரிப் பக்கத்துத் தமிழர்களும் ‘நோவுது’ என்று சொல்பவர்கள்தான். தெலுங்கு பேசும் வீடுகளில் ‘நொப்பி’ என்று கேளுங்கள்.

நினைவு மங்கிய நேரத்தில் உடம்பைப் பார்க்க வேண்டும். மறதி நோயாளிகளுக்காக 2003-இல் வெளியான ஓர் அளவுமுறை ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது; பேச முடியாத மற்றவர்களுக்கும் அது வழிகாட்டும். மூச்சு சீராக இருக்கிறதா, இழுத்து வாங்குகிறாரா; முனகல், அழுகை இருக்கிறதா; நெற்றி சுருங்குகிறதா, முகம் கோணுகிறதா; கை இறுகியிருக்கிறதா, காலை மடக்கிக்கொள்கிறாரா; தடவிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்தால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று எண் கொடுத்தால் மொத்தம் 10 வரும். சும்மா படுத்திருக்கும்போது ஒருமுறையும், புரட்டிப் படுக்கவைக்கும்போதும் வாயைத் துடைக்கும்போதும் ஒருமுறையும் பாருங்கள். துடைக்கும் நேரத்தில் மட்டும் முகம் சுளித்தால், அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே மருந்து கொடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வலியின் வரையறையோடு ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறது: வலியைத் தெரிவிக்கும் வழிகளில் பேச்சும் ஒன்று, அவ்வளவே, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இருக்க முடியாது என்று ஆகிவிடாது.

திடீரென்று ஒரு மணி நேரம் தெளிவாகவும், அடுத்த ஒரு மணி நேரம் குழம்பிப்போய்ப் படுக்கைத் துணியைப் பிடுங்கிக்கொண்டும் இருந்தால், அது வலியால் மட்டும் வருவதாக இருக்காது. சிறுநீர் அடைப்பு, மலக்கட்டு, காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் கூடுவது, மருந்தின் அளவு ஆகிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். அவற்றில் சில, சரிசெய்யக்கூடியவை.

கேள்வி: கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய். மார்பின் மாத்திரை ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. வலி குறைந்திருக்கிறது. ஆனால் தூங்கிக்கொண்டே இருக்கிறார், வாந்தி வருகிறது, நான்கு நாளாக வயிறு போகாமல் இருந்துவிட்டு இப்போது தண்ணீராகக் கசிகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? இது போதைப் பழக்கமாகிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். (வாசகி, அரூர்)

நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நிறுத்தினால் அது அதே வேகத்தில் திரும்பி வரும்.

நீங்கள் எழுதிய மூன்று தொல்லைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. தூக்கம் பெரும்பாலும் முதல் சில நாட்களில் தெளிந்துவிடும். பல இரவுகள் வலியில் விழித்திருந்த உடம்பு, வலி விட்டதும் அடித்துப்போட்டதுபோல் தூங்குவதும் உண்டு. கூப்பிட்டால் கண் விழித்து, உங்களை அடையாளம் கண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூங்கினால் பயப்பட வேண்டாம். உலுக்கினாலும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் அன்றே தெரிவியுங்கள். சிறுநீர் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது மார்பினின் கழிவு உடம்பில் சேர்ந்துவிடும்.

குமட்டலும் ஒரு வாரத்துக்குள் பலருக்கு அடங்கிவிடும். ஆனால் வாந்தி எப்போது வருகிறது, சாப்பிட்ட உடனேயா, வெறும் வயிற்றிலா, வாந்தி எடுத்ததும் இதமாக இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். கணையத்துக்கு அருகிலேயே குடல் செல்வதால், குடல் அடைப்பையும் மருத்துவர் யோசிப்பார்.

மலச்சிக்கல் மட்டும் நாட்கள் போனால் சரியாகிவிடும் வகை இல்லை. மார்பின் இருக்கும் வரை அதுவும் இருக்கும். அதனால்தான் மார்பின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியையும் எழுத வேண்டும். நான்கு நாள் போகாமல் இருந்து இப்போது தண்ணீராகக் கசிகிறது என்கிறீர்கள். இது வயிற்றுப்போக்காக இருக்காது என்று சந்தேகப்படுகிறேன். கெட்டிப்பட்ட மலம் கீழே அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாக நீர் கசிந்து வருவது இப்படித்தான் தொடங்கும். கடையில் வாங்கி வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அடைப்பு இன்னும் இறுகும். நாளைக்கே ஆசனவாயைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். அவருடைய வாந்திக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

போதைப் பழக்கத்தைப் பற்றி: வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில், மணி பார்த்துக் கொடுக்கப்படும் மார்பினால் ஒருவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. நாட்பட எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் உடம்பு படபடக்கும். அது வேறு, அடிமைத்தனம் வேறு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டில் பல ஆண்டுகள் இந்த மருந்து தேவைப்பட்டவர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்கு இன்றியமையாத மருந்தாக எளிதாக்கினார்கள். அப்படிக் கிடைத்த மருந்தை உறவினர் சொல்லுக்காகக் கைவிடாதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது என்கிறார். ஆக்ஸிமீட்டரில் 97 காட்டுகிறது. பயத்தால் சொல்கிறாரா? (வாசகி, ஓசூர்)

அவர் சொல்வதை நம்புங்கள். அந்தக் கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும்; மூச்சுத் திணறும் உணர்வை அதனால் அளக்க முடியாது. ஒரே மூச்சில் எத்தனை சொல் பேசுகிறார், குளியலறைக்குப் போகும் வழியில் எத்தனை முறை நிற்கிறார், மல்லாந்து படுக்க முடிகிறதா, இரவில் எழுந்து உட்காருகிறாரா என்று பாருங்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது, ரத்தசோகை, சளிக் காய்ச்சல் எனக் காரணம் பல. முன்னால் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரவைத்து, மேசை மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். பலருக்கு இதம் தருகிறது. திடீரென்று அதிகமானால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தாத்தாவுக்கு வயிற்றில் புற்றுநோய். ஒரு நாளும் களி இல்லாமல் இருக்காதவர், இப்போது இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்கிறார். சாப்பிடாததால்தான் பலவீனமா? வற்புறுத்தி ஊட்டலாமா? (வாசகர், காரிமங்கலம்)

முற்றிய நிலையில் நோயே உடம்பைக் கரைக்கிறது. ஊட்டுவதால் மட்டும் எடை திரும்புவதில்லை. வற்புறுத்தினால், சாப்பாட்டு வேளை என்றாலே தாத்தாவுக்குப் பயம் வந்துவிடும். ஆனால் ‘பசியில்லை’ என்பதை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பசியே எடுக்கவில்லையா, பசி இருந்தும் இரண்டு வாயில் நிரம்பிவிடுகிறதா, ருசி தெரியவில்லையா, விழுங்கும்போது வலிக்கிறதா, வாசனை பட்டாலே குமட்டுகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. சில நாள் மருந்தில் சரியாகிவிடும். அதன்பின் அவரே கேட்டுச் சாப்பிடவும் கூடும். களி வேண்டாம் என்றால், கரைத்த கூழாக, சின்னக் கிண்ணத்தில், அவர் கேட்கும் நேரத்தில் கொடுங்கள்.

கேள்வி: நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். ஒரு வீட்டில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க முடிவதில்லை. அதற்குள் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது? (வாசகி, ஊத்தங்கரை)

2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் வீடு தேடிப் போக வேண்டும் என்பது அதில் முதலிலிருந்தே இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் மருத்துவமனையில் பார்க்க முடியாததை நீங்கள் பார்க்கிறீர்கள். கட்டில் எங்கே கிடக்கிறது, கழிப்பறை எவ்வளவு தூரம், மாத்திரை அட்டையில் எத்தனை மீதியிருக்கிறது என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

இருபது நிமிடத்தில் பாதியை நோயாளிக்கே கொடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள். வாசலில் நின்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகாதீர்கள். பார்த்துக்கொள்பவர்கள் அன்பினாலேயே வலியைக் கூட்டிச் சொல்வதும், பழகிப்போனதால் சோர்வையும் மலச்சிக்கலையும் சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. நேற்று எழுந்து நடமாடினாரா, பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலா, முழுநேரமும் படுக்கையிலா என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். அந்த ஒரு வரியிலிருந்தே நோயின் போக்கு எங்களுக்குத் தெரியும். முதுகின் கீழ்ப்பகுதி, குதிகால், இடுப்பு எலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிற்காத ரத்தக்கசிவு, லேசாகத் தட்டியதற்கே எலும்பு முறிந்ததுபோன்ற வலி, பாலக்கோடு வாசகிக்குச் சொன்ன கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே 108-ஐ அழையுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “இத்தனையிலும் இன்னைக்கு உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கறது எதுங்க?” அரூர் மலைப்பக்கத்தில் மார்பில் புண் உடைந்திருந்த ஒரு பாட்டியிடம் அதைக் கேட்டபோது, வலி என்று சொல்வார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் புண்ணின் நாற்றம் என்றார். அதனால் பேரன் பக்கத்தில் வருவதில்லை என்றார். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப்போட்டதில் சில நாட்களில் நாற்றம் நன்றாகக் குறைந்தது. அதற்கு முந்தைய நான்கு வாரங்களிலும் அந்தப் புண்ணைப் பற்றி நாங்கள் அவரிடம் கேட்டதெல்லாம், வலி எவ்வளவு, ரத்தம் கசிகிறதா என்ற இரண்டை மட்டுமே.